சுவரில் நின்ற பத்திரங்கள்

வெள்ளாங்கரை பத்திர ஆபீசில் கணினிகளுக்குக் காவலாகப் புது ஃபயர்வால் போட்ட திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்குச் சற்று முன்பாக, அச்சுக்கு அனுப்பிய முதல் பத்திரம் பிரிண்டருக்குப் போய்ச் சேராமல் ஒரு வெள்ளைக் கொக்காகிக் காம்பவுண்டுச் சுவரில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது பத்திரம் இரண்டாவது கொக்காயிற்று. நான்கு பக்கத்துக் கிரயப் பத்திரம் ஒன்று நான்கு கொக்குகளாகி, முன்னால் போனதன் வாலை அடுத்தது பார்த்தபடி வரிசையில் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் ஆபீசைப் பூட்டும்போது சுவரில் நாற்பத்தெட்டு கொக்குகள், முதலில் வந்தது கேட்டுக்குப் பக்கத்திலும் கடைசியாக வந்தது புளியமரத்துப் பக்கத்திலுமாக, ஒன்றையொன்று இடிக்காமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. சார்பதிவாளர் அறவாழி வாசலில் நின்று அவற்றை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போய், நிலுவைப் பதிவேட்டில் 'பத்திரங்கள் நாற்பத்தெட்டு பக்கம். இருப்பிடம், மதில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் பதிய வந்தவர்களும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. அரசாங்கக் காரியம் தாமதமாவது ஒன்றும் புதிதல்ல. தாமதமாகிற காரியம் இந்த முறை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றது, அவ்வளவுதான். சுவரோரம் போய்க் கொக்கின் இறக்கையை மெல்ல விரித்துப் பார்த்தால் உட்சிறகில் வெளிறிய எழுத்தில் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் சாட்சிகளின் பெயரும் தெரிந்தன. அப்படித் தங்கள் கொக்கை அடையாளம் கண்டுகொண்டவர்கள் அதன் காலில் கலர் நூல் கட்டினார்கள், தினமும் வந்து பார்த்தார்கள், வெயில் ஏறினால் தண்ணீர் தெளித்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று முப்பத்தாறு கொக்குகளாக வந்து, அதற்குரிய அண்ணன் தம்பிகளைப் போலவே ஒன்றையொன்று கொத்திக்கொண்டு நின்றது. வில்லங்கச் சான்றிதழ்கள் முப்பது வருஷத்துக்குப் பின்னால் நடந்து நடந்து பார்த்தன. யாரோ ஒருவரின் உயில் மட்டும் எதுவும் தின்னாமல் தனியாக வானத்தைப் பார்த்தது. மார்க்கெட்டில் மீன் விற்கும் வேலம்மாள் கடையைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். கொக்குக்குப் போட நெத்திலியும், கொக்குக்காரர்கள் வீட்டுக்கு வாங்கிப் போகச் சாளையும் ஒரே கூடையில் இருந்தன.

மூன்றாம் நாள் ஒரு பூனை மதிலேறிக் குருசாமி என்பவரின் அடமான ரத்துப் பத்திரத்தைக் கவ்விக்கொண்டு போயிற்று. உள்ளே போய்ப் பார்த்தால் கணினியிலும் அந்தப் பத்திரம் இல்லை. பதிந்ததற்கான தடயமே அழிந்துபோயிருந்தது. அன்றிலிருந்து ஊர் முறை வைத்துக் காவல் காத்தது. பத்திர எழுத்தர் காசிம் பாய் யார் எப்போது கம்போடு நிற்பது என்று ஒரு பட்டியல் போட்டு, அதை, அச்செடுக்க வழியில்லாததால், கையாலேயே எழுதிக் கேட்டில் ஒட்டினார்.

ஃபயர்வால் போட்ட கம்பெனிக்கு அறவாழி முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏழு நாள் போன் செய்தார். எட்டாம் நாள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊரில் உள்ள ஆஸ்பத்திரி, கூட்டுறவு சங்கம், மூன்று பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் கணினி படுத்துக்கொண்டால் அவளுடைய நீலநிற ஸ்கூட்டர்தான் போய் நிற்கும். கோளாறு என்று கூப்பிட்டால், கெட்டுப்போனது எது என்று அவள் முதலில் கேட்க மாட்டாள். கெடாதது எது என்று பார்த்துக்கொண்டே வருவாள். கெடாததையெல்லாம் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டால் கெட்டது தானாக வந்து நடுவில் நிற்கும் என்பது அவளுடைய இருபது வருஷ அனுபவம். அடுத்த நாள் புதன்கிழமை காலை வண்டியை நிறுத்திவிட்டு மதிலை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஐந்நூற்றுச் சொச்சம் கொக்குகள் இருக்கும்.

"வரிசையிலதான நிக்குது?" என்றாள்.

"ஒரு பக்கம் மாறலம்மா," என்றார் காசிம் பாய்.

"அப்ப நல்லது. அனுப்புற இடத்துல கோளாறு இல்ல."

உள்ளே ஐந்து கணினிகள், பின்னறையில் ஒரு பெரிய பிரிண்டர். அதன் பொத்தானை அழுத்தினாள். சோதனைத் தாள் சுத்தமாக வந்தது. பிரிண்டர் கெடவில்லை. கணினியிலிருந்து பிரிண்டரின் எண்ணைப் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள்; இருக்கிறேன் என்று பதில் வந்தது. நடுவில் போகிற வயரும் கெடவில்லை. ஆளும் இருக்கிறான், வழியும் இருக்கிறது, கடுதாசி மட்டும் போய்ச் சேரவில்லை.

அறவாழி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, ஒண்ணு சொல்லணும். போன வெள்ளிக்கிழமை நானே அந்த ஃபயர்வாலை ஒரு கால்மணி நேரம் ஆஃப் பண்ணிப் பார்த்தேன்."

"என்ன ஆச்சு சார்?"

"கொக்கு இருபது உள்ள வந்து பத்திரம் ஆச்சு. அதோட கூடவே எங்கிருந்தோ சாம்பல் நிறத்துல ஒரு கூட்டம் குருவி ஜன்னல் வழியா புகுந்திடுச்சு. யாரும் அனுப்பாத காகிதம். ஒரு எழுத்து புரியல. மூணு கட்டுத் தாள் வீணாப் போச்சு. ஒரு குருவி எங்க பழைய பதிவேட்டுக் கோப்புகளைக் கொத்தித் தின்ன ஆரம்பிச்சுது. பதறிப்போய் மறுபடி ஆன் பண்ணிட்டேன்."

ஜெசிந்தா தலையசைத்தாள். இரண்டு மாதம் முன்பு இதே ஆபீசில் வைரஸ் புகுந்து ஒரு வருஷப் பதிவைச் சிதைத்ததும், அதனால்தான் இந்தக் காவலே வந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சுவர் அது வேலையைத்தான் சார் செய்யுது. வாசல் வைக்காமக் கட்டிட்டாங்க. புதுசா வந்த காவல்காரனுக்கு இந்த ஆபீஸே ஏதோ ரயில்வே ஸ்டேஷன் மாதிரி தெரியுது, யார் யாரோ வந்துபோற இடம்னு நெனச்சு எல்லாத்தையும் நிறுத்தறான். இது வீடு, இவங்க வீட்டாளுங்கன்னு சொல்லிக் குடுக்கணும். பிரிண்டருக்குப் போறதுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்து விடணும். முடிஞ்சிரும்."

அவள் 'முடிஞ்சிரும்' என்று சொன்னதை வாசலில் நின்றவர்கள் கேட்டு, அடுத்தவருக்குச் சொல்லி, அது மதிலோரமாகவே பயணம்செய்து புளியமரம் வரைக்கும் போயிற்று.

முதல் கணினியில் பொது இடம் என்றிருந்ததைச் சொந்த இடம் என்று மாற்றினாள். பிரிண்டரின் எண்ணைக் குறித்து அதற்கு மட்டும் அனுமதி எழுதினாள். எழுதி முடித்த அந்தக் கணத்தில் வெளியே மூன்று கொக்குகள் எழுந்து, கூட்டத்தின் தலைக்கு மேலாக ஒரு வட்டமடித்து, பின்னறை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தன. பிரிண்டர் மூன்று தாளைத் தள்ளியது. வாசலில் கைதட்டல் எழுந்த வேகத்திலேயே சண்டையும் எழுந்தது: அந்த மூன்றும் வரிசையின் நடுவில் நின்றவை. ஒன்பது நாளாக முதல் இடத்தில் நிற்கிற கொக்கின் சொந்தக்காரர், "நான் என்ன இளிச்சவாயனா?" என்று சட்டையைக் கழற்றிவிட்டார். ஜெசிந்தா உடனே ஐந்து கணினியிலும் அச்சை நிறுத்தி வைத்தாள். ஐந்துக்கும் வாசல் திறந்த பிறகு முதலிலிருந்து ஒவ்வொன்றாக விடுவதாகச் சொன்னதும்தான் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் கரண்ட் போய் வந்தது. வந்த பிறகு பார்த்தால் வாசல் இருக்கிறது, பிரிண்டர் பதில் சொல்லவில்லை. அறவாழியின் முகம் வெளுத்தது. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது.

"பிரிண்டர் வீடு மாறிடுச்சு சார். ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் அதுக்குப் புது எண் கிடைக்குது. நான் பழைய வீட்டுக்கு வாசல் வெச்சிருக்கேன். நாளைக்கு அதுக்கு நிரந்தரமா ஒரே எண்ணைக் குடுத்திட்டு, அஞ்சையும் முடிச்சுத் தர்றேன்."

வியாழக்கிழமை காலை அவள் வரும்போது ஆபீஸ் பெஞ்சில் ஒரு புதுத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பெண் சுகந்தி, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்; கழுத்தில் மஞ்சள் இன்னும் காயவில்லை. பையன் அய்யனார், மின்வாரியத்தில் ஒப்பந்தக்காரர் கீழ் கம்பமேறுகிறவன். விடியற்காலையில் முருகன் கோயிலில் தாலி கட்டியிருந்தார்கள். சுகந்தியின் ஊரில் அய்யனாரின் தெருக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் போய்விட்டதாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற வீடுகள் எதிலும் அவனை உள்ளே உட்காரச் சொன்னதில்லை. மகளிர் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர் போனில் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "கையெழுத்தும் சீலும் விழுந்த சான்றிதழோட வாங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன்."

பதினொன்றரைக்குத் திருமணம் பதிவாயிற்று. அறவாழி ஒரு பொத்தானை அழுத்த, சுகந்தியும் அய்யனாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய சான்றிதழ் மற்றவற்றை விடக் கொஞ்சம் சின்னக் கொக்காகி, புளியமரத்துப் பக்கம் வரிசையின் கடைசியில் போய் நின்றது. அறுநூற்றுப் பதினேழாவது கொக்கு. சுகந்தி அதற்கு நூல் கட்டவில்லை. அடையாளம் வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"எவ்வளவு நேரம்க்கா ஆகும்?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"பிரிண்டருக்கு எண் குடுத்தாச்சு. நாலு கணினி முடிஞ்சுது. அஞ்சாவது ஒண்ணுதான் பாக்கி. உக்காரும்மா, தண்ணி குடி."

ஐந்தாவது கணினி பழையது. ஃபயர்வாலின் பக்கத்தைத் திறக்கவே அதற்கு நேரம் பிடித்தது. அது திறந்துகொண்டிருக்கும்போதுதான் வெளியே இரண்டு வண்டிகள் வந்து நின்றன.

இறங்கியவர்களில் முன்னால் வந்தவர் சுகந்தியின் தாய்மாமன் தர்மலிங்கம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. பின்னால் எட்டுப் பேர். அதில் இருவர் தோளில் குளத்துப் பறவை பிடிக்கிற வலை தொங்கியது. விஷயம் அவருக்குத் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது: கொக்கு போனால் பதிவும் போய்விடும். பெண்ணைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொள்ள அப்புறம் யார் தடுப்பது?

அவர் கூட்டத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "இன்னிக்குப் பதிஞ்ச கல்யாணக் கொக்கு எது?"

ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்து நாள் ஒன்றாக நின்று காவல் காத்ததில் அவர்களுக்குள் என்னவோ ஒட்டியிருந்தது. ஆனால் தர்மலிங்கம் விவரமான ஆள். அவர் மதிலை ஒரு பார்வை பார்த்தார், வரிசையைப் புரிந்துகொண்டார். "கடைசியா பதிஞ்சது கடைசியிலதான நிக்கும்," என்று சொல்லிப் புளியமரத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

வலைக்காரர்கள் நாலு எட்டு எடுத்து வைத்திருப்பார்கள். வேலம்மாள் எழுந்தாள். அன்றைக்கு இன்னும் பாதி கூடத் தீராத கூடையைத் தலைக்கு மேலே தூக்கி, தெருவுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள மண்ணில் ஒரே வீச்சாகக் கொட்டினாள். நெத்திலியும் சாளையும் காரப்பொடி மீனும் வெயிலில் வெள்ளியாகச் சிதறின. அறுநூற்றுப் பதினேழு கொக்குகளும் பத்து நாளாக விட்டு நகராத மதிலை விட்டு இறங்கின. முதல் கொக்கும் கடைசிக் கொக்கும், பாகப்பிரிவினையும் வில்லங்கமும், பத்து நாளாக எதையும் தின்னாத உயிலும் கூட, ஒரே கும்பலாக மீனுக்கு அடித்துக்கொண்டன. யாருக்கு முன்னால் யார் என்று பத்து நாள் கட்டிக் காத்த வரிசை ஒரு நிமிஷத்தில் கலைந்துபோயிற்று. முதல் இடத்துக்காரர், நேற்றுச் சட்டையைக் கழற்றியவர், வாயைத் திறந்தார், வலையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு தன் கொக்கின் காலில் இருந்த சிவப்பு நூலைக் குனிந்து அவிழ்த்துவிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் அவிழ்த்தார். அப்புறம் எல்லோரும்.

தர்மலிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. "எல்லாத்தையும் அமுக்குங்கடா! ஒவ்வொண்ணா இறக்கையைப் பிரிச்சுப் பார்ப்போம்."

"தாராளமா அமுக்குங்க," என்றார் காசிம் பாய், கம்பை ஊன்றிக்கொண்டு. "ஆனா கழுத்து நெரிபடாமப் பாத்துக்குங்க. போன வியாழக்கிழமை நீங்க எங்கிட்ட எழுதிப் பதிஞ்சீங்களே, ஆத்தோரத் தென்னந்தோப்பு, ஆறு பக்கம், அந்த ஆறும் இதுக்குள்ளதான் மேயுது. எதுன்னு எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியாது."

வலையை விரித்த கைகளோடு இரண்டு பேரும் தர்மலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு முன்னால் வெள்ளையாக அறுநூறு கழுத்துகள் நீண்டு நீண்டு சுருங்கின.

இது அத்தனையையும் ஜெசிந்தா ஐந்தாவது கணினியின் முன்னாலிருந்து ஜன்னல் வழியே பார்த்தாள். கடைசி அனுமதியை எழுதினாள். இனி ஒவ்வொன்றாகத்தான் விடுவதாக நேற்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் ஒவ்வொன்றாக விட்டால் மண்ணில் கொக்கு குறையக் குறைய மிச்சமிருப்பதைப் பிரித்துப் பார்ப்பது சுலபமாகிவிடும். சின்னக் கொக்கு எப்போது எழும் என்பது அவள் கையில் இல்லை.

"சார், நீங்க ரெண்டாவது கணினிக்கு வாங்க. அய்யனார், மூணு. சுகந்தி, நாலு. காசிம் பாய்!" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டாள். "கம்பை அங்க குடுத்துட்டு ஓடி வாங்க, நீங்க அஞ்சாவது. ஒண்ணை நான் பாத்துக்கிறேன். நான் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்துல இந்தப் பொத்தானை அழுத்தணும். ஒருத்தர் முந்தக் கூடாது, ஒருத்தர் பிந்தக் கூடாது."

"வரிசை கலைஞ்சிருமேம்மா," என்றார் அறவாழி, பழக்கத்தில்.

"அது ஏற்கெனவே மீனுக்குப் போயாச்சு சார்."

காசிம் பாய் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். சுகந்தி உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஜெசிந்தா முதல் கணினியில் உட்கார்ந்து, மற்ற நாலு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ம்."

ஐந்து விரல்கள் இறங்கின. வெளியே அறுநூற்றுப் பதினேழு கொக்குகளும் ஒரே இறக்கையடிப்பில் எழும்பின. தெருவில் இருந்த மண்ணும் மீன் செதிலும் அவற்றோடு எழும்பி, வலைக்காரர்களின் கண்ணில் விழுந்து, இரண்டு வண்டிகளும் வெள்ளையில் மறைந்துபோயின. மார்க்கெட் முக்கில் நின்றவர்கள் பத்திர ஆபீசின் மேலே ஒரு மேகம் சுற்றுவதாக நினைத்தார்கள். அந்த மேகம் மெல்ல மெல்ல நூலாக இழைந்து, பின்னறை ஜன்னலுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கியது. உள்ளே பிரிண்டர் பத்து நாள் பேசாமல் இருந்த மனுஷன் போலப் பேசத் தொடங்கியது. காசிம் பாய் தாள்க்கட்டைப் பிரித்துப் பிரித்து வைத்தார், அறவாழி வருகிற தாளை எடுத்து எடுத்துப் பெயர் படித்தார். சாம்பல் குருவி ஒன்றுகூட வரவில்லை.

இருநூற்றுப் பதினாலாவது தாள் மற்றவற்றை விடச் சிறியது. அறவாழி அதைப் படிக்கவில்லை; நேராக மேஜைக்குக் கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டு, சீலை இரண்டு தரம் ஊதி அழுத்திக் குத்தினார். அப்புறம்தான் குரலை உயர்த்திக் கூப்பிட்டார்: "சுகந்தி, கணவர் பெயர் அய்யனார்!"

சுகந்தி பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் போட்ட முதல் கையெழுத்து அது. நிறுத்தி, நிதானமாக, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினாள். அதற்குள் அடுத்த ஆறு தாளும் வந்துவிட்டது.

"தர்மலிங்கம், தென்னந்தோப்பு!"

அவர் உள்ளே வரத்தான் வேண்டியிருந்தது. ஊர் வழி விட்டது. ஆனால் அவருடைய ஆட்களுக்கு விடவில்லை. வேலம்மாள் காலிக் கூடையை வாசற்படியில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவர் தனியாக வந்து, பதிவேடு இருந்த மேஜையருகே சுகந்திக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். அவள் நகரவில்லை. அய்யனாரும் நகரவில்லை. பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய கோடு அவளுடைய கையெழுத்துக்கு நேர் கீழே இருந்தது. அதைப் படித்தார். பேனாவை எடுக்காமல் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா," என்றார். குரலில் முன்பிருந்த அதட்டல் இல்லை. "அந்தக் காகிதத்தைத் திரும்பக் கொக்காக்க முடியுமா?"

"முடியாதுங்க," என்றாள் ஜெசிந்தா, வயரைச் சுருட்டிக்கொண்டே. "அச்சாயிட்டா ஆனதுதான்."

சுகந்தி சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாமனைத் தாண்டி, வேலம்மாளைத் தாண்டி, எட்டுப் பேரையும் இரண்டு வண்டிகளையும் தாண்டி, புருஷனோடு காவல் நிலையத்துப் பக்கம் நடந்தாள். ஐம்பது அறுபது பேர் தங்கள் பத்திரத்தைக்கூட வாங்காமல் அவர்களுக்குப் பின்னால் போனார்கள். தர்மலிங்கம் அந்தக் கூட்டம் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.